தைராய்டு மிகையாகச் சுரந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கான புறநோயாளிகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டரின் அறையிலிருந்து மருந்துச் சீட்டோடு வெளியே வருபவர்கள் என் மேசை அருகே நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. உள்ளே கேட்கத் தயங்கியவை, வெளியே வந்த பிறகு நினைவுக்கு வந்தவை, பக்கத்தில் காத்திருந்தவர் சொன்னதைக் கேட்டுப் பயந்து எழுந்தவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் உங்களைப் பரிசோதிக்கும் டாக்டரின் பொறுப்பு. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இந்தப் பதில்கள் உதவும்.

தைராய்டு வந்தால் உடம்பு பருக்கும் என்பார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறது?

பருப்பது தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு. அவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால் தைராய்டு என்றாலே அந்த நிலைதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. உங்களுக்கு இருப்பது அதற்கு நேர்மாறான மிகைச் சுரப்பு, அதாவது ஹைப்பர்தைராய்டு.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 20 கிராம் எடையில் இருக்கும் சுரப்பி இது. உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. உடல் எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இவைதாம். இவை மிகுந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டுவதில்லை. கொழுப்போடு தசையும் கரைகிறது. பசி அடங்காமல் சாப்பிட்டுக்கொண்டே இளைப்பவர்கள் உண்டு. பசி மிஞ்சிப்போய் எடை கூடுபவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே எடை குறையவில்லை என்பதை மட்டும் வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் குறைவு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்றுதானே பொருள்?

அதிகமாகச் சுரக்கிறது என்று பொருள். என்னிடம் மிக அதிகமாக வரும் குழப்பம் இதுதான். டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் பொருளன்று. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. இரத்தத்தில் டி4, டி3 போதாவிட்டால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் கூட்டும். தேவைக்கு மேல் இருந்தால் குறைக்கும்.

பெரும்பாலான ஆய்வகங்களில் டிஎஸ்எச்சின் இயல்பு அளவு 0.4 முதல் 4 வரை என்ற கணக்கில் இருக்கும். மிகைச் சுரப்பில் அது 0.1-க்கும் கீழே, பல நேரங்களில் 0.01-க்கும் கீழே இறங்கிவிடும். கூடவே டி4 அல்லது டி3 உயர்ந்திருந்தால் நோய் உறுதியாகிறது. சிலருக்கு டி4 இயல்பாக இருந்து டி3 மட்டும் உயர்ந்திருக்கும். அதனால் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. பிட்யூட்டரியே பழுதானாலும் டிஎஸ்எச் குறையும், ஆனால் அப்போது டி4-ம் குறைந்திருக்கும்.

கழுத்தில் இருக்கும் சின்னச் சுரப்பிதானே, உடம்பு முழுக்க ஏன் இத்தனை தொந்தரவு?

இந்த ஹார்மோன் இரத்தத்தோடு போய்ச் சேராத உறுப்பு எதுவும் இல்லை. முதலில் தெரிவது இதயம்: படுத்து ஓய்வெடுக்கும்போதும் நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டி ஓடும், நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்கே கேட்கும். மற்றவர்கள் போர்த்திக்கொண்டு உறங்கும் அறையில் உங்களுக்கு மட்டும் வியர்க்கும். குடல் வேகமாக இயங்குவதால் ஒரு நாளில் பலமுறை மலம் கழிக்க நேரிடும். மாதவிடாய் குறைந்துபோகும் அல்லது தள்ளிப்போகும். முடி மெலிந்து உதிரும். சிலருக்கு நகத்தின் நுனி சதையிலிருந்து பிரிந்து நிற்கும்.

கைவிரல் நடுக்கம் மிக நுண்ணியது, பார்த்தவுடன் தெரியாது. நோயாளியைக் கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்போம். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளின் ஓரத்தில் படபடவெனத் தெரிந்துவிடும். தசை பலத்தைப் பார்க்க, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்வோம். தொடைத் தசை மெலிந்தவர்கள் பாதி எழுந்து, சட்டென நாற்காலியின் கைப்பிடியைத் தேடுவார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை, தலைவாரக் கையைத் தூக்கினால் வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கும் இதுவே காரணம்.

வெளியே தெரியாமல் நடப்பது எலும்பில். புது எலும்பு உருவாகும் வேகத்தைவிடப் பழைய எலும்பு கரையும் வேகம் கூடிவிடுவதால், ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் எலும்புப்புரை வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன், அழுகை வருகிறது, தூக்கமில்லை. வீட்டில் எனக்குத் திமிர் என்கிறார்கள். இதுவும் தைராய்டுதானா?

பெரும்பாலும் ஆம். பதற்றம், கோபம், காரணமில்லாத அழுகை, ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு, தூக்கமின்மை ஆகிய அனைத்தும் இந்த நோயின் நேரடி அறிகுறிகள். பதற்ற நோய் என்று மட்டும் எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, தாமதமாக இங்கே வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் இது பாடத்தில் கவனமின்மையாகவும் அடங்காத்தனமாகவும் தென்படும்.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: இந்தக் காலத்தில் அவரோடு சண்டையை வளர்க்காதீர்கள், குணத்தைப் பழிக்காதீர்கள். ஹார்மோன் அளவு சீரானபின் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் மனச்சோர்வோ பதற்றமோ நீடித்தால் அதற்கென்று தனியே மருத்துவம் பார்க்க வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு இது எதனால் வந்தது?

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே முக்கியமானது இது. ஆனால் குறைவானவர்களே கேட்கிறார்கள். மிகைச் சுரப்பு என்பது நிலையின் பெயர். அதன் பின்னால் உள்ள நோய் எது என்பதைப் பொறுத்தே மருத்துவம் அமையும்.

மிகப் பொதுவான காரணம் கிரேவ்ஸ் நோய். 1835-இல் இதை விவரித்த அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரால் அழைக்கப்படுகிறது. கிருமிகளை எதிர்க்க ஆன்டிபாடி என்ற புரதங்களை உருவாக்கும் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, தவறுதலாகத் தைராய்டைக் குறிவைக்கும் ஓர் ஆன்டிபாடியை உருவாக்குகிறது. அது டிஎஸ்எச் போலவே தைராய்டில் போய் ஒட்டிக்கொண்டு, சுரக்கும்படி இடைவிடாமல் தூண்டுகிறது. பிட்யூட்டரி கட்டளையை நிறுத்தினாலும் சுரப்பி நிற்பதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு நோய் இருந்தால் வாய்ப்புக் கூடும். இரண்டாவது காரணம் சுரப்பிக்குள் தோன்றும் கட்டிகள். ஒன்றோ பலவோ கட்டிகள் யார் கட்டளைக்கும் அடங்காமல் தாமாகவே சுரக்கும். இது வயதானவர்களிடம் அதிகம்.

மூன்றாவது வகை தைராய்டு அழற்சி. ஆலை அளவுக்கு மீறி உற்பத்தி செய்வது வேறு, கிடங்கின் சுவர் இடிந்து பழைய இருப்பு வெளியே கொட்டுவது வேறு. அழற்சியில் நடப்பது இரண்டாவது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து வலியோடு வரலாம், பிரசவத்துக்குப் பிறகு வலியே இல்லாமல் வரலாம். இருப்புத் தீர்ந்ததும் மிகையும் தானே தீரும். இவை தவிர, தைராய்டு மாத்திரையைத் தேவைக்கு மேல் சாப்பிடுவது, உடலுக்குள் அயோடின் மிதமிஞ்சிப் போவது ஆகியவையும் காரணமாகலாம். இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரப்படும் அமியோடரோன் மருந்தின் எடையில் ஏறத்தாழ 37 சதவீதம் அயோடின். அதைச் சாப்பிடுபவர்கள் தைராய்டு அளவைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரத்தப் பரிசோதனைதான் எடுத்தாகிவிட்டதே, எதற்கு இன்னும் ஸ்கேன்?

மிகை இருக்கிறது என்று முதல் பரிசோதனை சொல்லிவிட்டது. ஏன் என்பதை அறியத்தான் மற்றவை. கிரேவ்ஸ் ஆன்டிபாடி இரத்தத்தில் இருந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி. அது இல்லாவிட்டாலோ சந்தேகம் இருந்தாலோ, சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொடுத்துச் சுரப்பி அதை எவ்வளவு இழுக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். கிரேவ்ஸில் சுரப்பி முழுவதும் ஒரே சீராக இழுக்கும். கட்டி என்றால் அந்த இடம் மட்டும் இழுக்கும். அழற்சியில் ஏறக்குறைய எதையும் இழுக்காது, ஏனெனில் அங்கே உற்பத்தியே நின்றிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண் பிதுங்கிக்கொண்டு வருகிறது. தைராய்டு சரியானால் கண்ணும் சரியாகிவிடுமா?

இமை சற்று மேலேறி, முறைத்துப் பார்ப்பதுபோல் தோன்றுவது எந்த வகை மிகைச் சுரப்பிலும் வரலாம். அது அளவு சீரானதும் தணியும். கண் உண்மையிலேயே முன்னால் தள்ளிவருவது கிரேவ்ஸ் நோயில் மட்டும். அதே எதிர்ப்பு அமைப்பின் தவறு, கண்ணுக்குப் பின்னால் உள்ள கொழுப்பையும் தசைகளையும் வீங்கச் செய்கிறது. இது தைராய்டோடு சேர்ந்தும் வரலாம், முன்போ பின்போ தனியாகவும் வரலாம். சுரப்பி சீரான பிறகும் கண் தன் போக்கில் போகக்கூடும் என்பதால் கண் மருத்துவரின் மேற்பார்வை தனியே வேண்டும். பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.

புகைபிடிப்பவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பும் அதன் தீவிரமும் அதிகம், சிகிச்சையும் குறைவாகவே பலிக்கிறது. உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து சிகரெட்டை நிறுத்துவதுதான். நிறங்கள் மங்கலாகத் தெரிந்தாலோ, பார்வை குறைந்தாலோ, இமையை முழுதாக மூட முடியாமல் போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிவிட்டது, ஒரு மாற்றமும் இல்லையே?

கார்பிமசோல், மெதிமசோல் போன்ற மாத்திரைகள் புதிய ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே தயாராகிச் சுரப்பிக்குள் சேர்ந்திருப்பது வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். இரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் முழுப் பலன் தெரிய பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கப் புரோப்ரனோலால் போன்ற மருந்தைச் சேர்த்துத் தருவார்கள். அது சில மணி நேரத்திலேயே வேலை செய்யும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதைச் சாப்பிடுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இருப்பு வெளியே கொட்டும் அழற்சி வகைக்கு இந்தத் தடுப்பு மாத்திரைகளால் பயனில்லை. தடுப்பதற்கு அங்கே உற்பத்தி இல்லை. காரணத்தைக் கேளுங்கள் என்று மேலே நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

இந்த மாத்திரையில் பக்கவிளைவு நிறைய என்கிறார்களே?

அரிப்பு, தோல் தடிப்பு, வயிற்றுக் குமட்டல் ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்த மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். கிருமியை எதிர்க்க உடலில் ஆள் இல்லாமல் போகும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நடக்கும், ஆனால் பிறகும் வரலாம்.

இதன் முதல் அடையாளம் சாதாரணத் தொண்டை வலியும் காய்ச்சலும்தான், சில நேரம் வாய்ப்புண்ணும். சளிதானே என்று காத்திருக்காதீர்கள். மாத்திரையை அந்த வேளையிலிருந்து நிறுத்திவிட்டு, அன்றைக்கே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் டாக்டர் சொன்னபின் மறுபடி தொடங்கலாம். விடுமுறை நாளாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு மருந்துச் சீட்டின் ஓரத்திலும் இதை நான் கைப்பட எழுதித் தருகிறேன். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். அப்போதும் இதே விதிதான். புரோபைல்தயோயூராசில் என்ற மாத்திரையில் கல்லீரல் ஆபத்து சற்று அதிகம். அதனால்தான் அதை இப்போது சில சூழ்நிலைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? நிறுத்தினால் திரும்ப வருமா?

கிரேவ்ஸ் நோய்க்குப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் கொடுத்து, பிறகு ஆன்டிபாடியைப் பார்த்து நிறுத்துவார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. ஆன்டிபாடி குறையாதவர்கள், கழுத்துக் கழலை பெரிதாக இருப்பவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். திரும்ப வந்தால் மாத்திரையைக் குறைந்த அளவில் நீண்டகாலம் தொடரலாம், அல்லது கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை போன்ற நிரந்தரத் தீர்வுக்குப் போகலாம். தாமாகச் சுரக்கும் கட்டிகள் மாத்திரையால் மறைவதில்லை, நிறுத்தினால் திரும்பிவிடும்.

கதிரியக்க அயோடின் என்றாலே பயமாக இருக்கிறது. புற்றுநோய் வந்துவிடாதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

1941-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலில் கொடுத்ததிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மருத்துவம் இது. விழுங்கும் அயோடினைத் தைராய்டே தேடி இழுத்துக்கொள்வதால், கதிரின் பெரும்பகுதி அங்கேயே வேலை செய்து, மிகையாகச் சுரக்கும் செல்களை அழிக்கிறது. இப்போது தரப்படும் வகையின் கதிரியக்கம் எட்டு நாளில் பாதியாகிவிடும். மிகைச் சுரப்புக்குக் கொடுக்கும் அளவு தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிடக் குறைவு. புற்றுநோய் ஆபத்தைப் பற்றி ஆய்வுகள் தொடர்ந்து நடந்திருக்கின்றன. பலவற்றில் உயர்வு தெரியவில்லை, சிலவற்றில் சிறிய உயர்வு தெரிந்தது. இதை எடைபோட்ட பிறகே டாக்டர் உங்களுக்குப் பரிந்துரைக்கிறார். தயங்காமல் அவரிடமே கேளுங்கள்.

சில நாட்களுக்குக் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது, குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்குவது, கர்ப்பிணிகள் அருகில் நெடுநேரம் இருப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, எழுதிக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரிலும் எச்சிலிலும் கதிரியக்கம் வெளியேறும் என்பதால் கழிவறைத் தூய்மை முக்கியம். விமானப் பயணம் இருந்தால் மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், சோதனைக் கருவிகள் ஒலிக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இது கூடவே கூடாது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கண் பாதிப்பு தீவிரமாக இருப்பவர்களுக்கு இது கண்ணை மோசமாக்கலாம் என்பதால் வேறு வழி பார்ப்பார்கள்.

அறுவை சிகிச்சை செய்தால் குரல் போய்விடும் என்கிறார்களே?

குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே போகிறது என்பதால் அந்த ஆபத்து இருக்கிறது, ஆனால் அனுபவமுள்ள அறுவை மருத்துவரின் கையில் நிரந்தரப் பாதிப்பு அரிது. இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கும், அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சோர்ந்துபோவதால் கால்சியம் குறைவது அதைவிட அதிகம் நடக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவதுபோல் இருந்தால் உடனே சொல்லுங்கள். கழலை பெரிதாகி மூச்சை அழுத்தும்போதும், புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கும்போதும் அறுவையே சிறந்தது. அதற்கு முன் மாத்திரையால் ஹார்மோனைச் சீராக்கிவிடுவார்கள்.

அதிகத்துக்கு மருத்துவம் பார்க்கப் போய்க் குறைவில் கொண்டு விட்டார்களே, இதனால் என்ன லாபம்?

கேட்பவரின் மனவேதனை எனக்குப் புரிகிறது. கதிரியக்க அயோடினுக்குப் பிறகு பெரும்பாலோருக்கும், முழுச் சுரப்பியை எடுத்தால் எல்லோருக்கும் தைராய்டு குறைந்துவிடும். அதற்குத் தினமும் ஒரு லெவோதைராக்சின் மாத்திரை வேண்டும். அது உடலில் இயல்பாகச் சுரக்கும் அதே டி4. அளவைத் துல்லியமாகச் சரிசெய்யலாம், கர்ப்பத்திலும் சாப்பிடலாம், வெள்ளணு பயமில்லை. கட்டுக்கடங்காத மிகைச் சுரப்போ இதயத்தையும் எலும்பையும் தின்றுகொண்டே இருக்கும். இது டாக்டர் செய்த தவறு என்று எண்ணாதீர்கள், ஆனால் சிகிச்சைக்கு முன்பே இதை உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும்.

இளைத்த எடை திரும்பி வரும், சிலருக்கு முன்பைவிடக் கூடும். பசி பழைய வேகத்திலேயே இருக்க, உடல் செலவழிக்கும் வேகம் மட்டும் குறைவதே காரணம். எடை கூடுகிறது என்பதற்காக மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அயோடின் கலந்த உப்பை நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. சமையல் உப்பிலிருந்து கிடைப்பது சிறிதளவே. தவிர்க்க வேண்டியவை கடற்பாசி மாத்திரைகள், அயோடின் சேர்த்த சத்துப் பொடிகள், தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் கலவைகள். கதிரியக்க அயோடின் கொடுக்குமுன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு சாப்பிடச் சொல்லலாம், அது தற்காலிகம். சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்திலும் அயோடின் உண்டு என்பதால் அங்கேயும் உங்கள் நோயைச் சொல்லுங்கள். காபியும் தேநீரும் படபடப்பைக் கூட்டும், அளவு சீராகும்வரை குறைப்பது நல்லது. எந்த உணவும் இந்த நோயைக் குணப்படுத்தியதில்லை.

முடி உதிர்கிறது என்று ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் தைராய்டு ரிப்போர்ட்டுக்கும் தொடர்பு உண்டா?

மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தால் உண்டு. அது தைராய்டைத் தொடுவதில்லை, ஆய்வகத்தின் பரிசோதனை முறையைக் குழப்புகிறது. பல கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4, டி3 பொய்யாக உயர்ந்தும் காட்டும். எந்த நோயும் இல்லாதவர் ரிப்போர்ட்டில் நோயாளியாகிவிடுவார். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு மிக அதிகமென்றால் இன்னும் முன்பே நிறுத்த வேண்டும்.

டி4 இயல்புக்கு வந்துவிட்டது, டிஎஸ்எச் இன்னும் குறைவாகவே இருக்கிறது. ஆனால் டாக்டர் மருந்தைக் குறைக்கிறாரே, கூட்டத்தானே வேண்டும்?

டாக்டர் செய்வது சரி. நெடுநாள் அடங்கியிருந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ள வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதுவரை டிஎஸ்எச்சை நம்பி மருந்தைக் கூட்டினால் நீங்கள் குறைச் சுரப்பில் போய் விழுவீர்கள். முதல் சில மாதங்களுக்கு டி4, டி3 அளவுகளே வழிகாட்டி.

டிஎஸ்எச் மட்டும் குறைவு, மற்ற இரண்டும் இயல்பு. எனக்கு மருந்து வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது, கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பலருக்கு அது தானே சரியாகிவிடும் என்பதால் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நீடித்தால் பொதுவாகச் சிகிச்சை தருவார்கள். இதயமும் எலும்பும் பாதிக்கப்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

அப்பாவுக்கு எழுபது வயது. படபடப்பு, நடுக்கம் எதுவும் இல்லை. சோர்ந்து கிடக்கிறார், இளைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு எப்படி மிகைச் சுரப்பு என்கிறார்கள்?

வயதானவர்களிடம் இந்த நோய் முகம் மாறி வரும். பரபரப்புக்குப் பதில் சோர்வு, பசிக்குப் பதில் பசியின்மை. புற்றுநோயோ என்று வீடே கலங்கிப்போயிருக்கும். சில நேரம் முதல் அறிகுறியே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பாக இருக்கும். அப்போது இதயத்துக்குள் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதனால் முதியவருக்குப் புதிதாகத் துடிப்புக் கோளாறு வந்தால் தைராய்டைப் பார்ப்பது வழக்கம். இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, மிகைச் சுரப்பின்போது அதன் வேகம் கூடும். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

தம்பி காலையில் எழுந்திருக்கும்போது காலை அசைக்கவே முடியவில்லை. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. இதைத் தைராய்டு என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். மிகைச் சுரப்பு உள்ள சிலருக்கு, குறிப்பாக ஆசியாவைச் சேர்ந்த இளம் ஆண்களுக்கு, இரத்தத்தின் பொட்டாசியம் திடீரென்று தசைச் செல்களுக்குள் இறங்கிவிட, தசைகள் தற்காலிகமாகச் செயலிழக்கின்றன. மாவுச்சத்து நிறைந்த உணவை வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கிய இரவுக்குப் பின், அல்லது கடும் உழைப்புக்குப் பின் ஓய்வெடுக்கும்போது வரும். தானே சரியானது என்று விடாதீர்கள். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். தைராய்டு சீரானதும் இந்தத் தாக்குதல்கள் நின்றுவிடுகின்றன.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

தொண்டை வலியும் காய்ச்சலும், மஞ்சள் காமாலை, பார்வைக் குறைவு, கால் செயலிழப்பு ஆகியவற்றை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்று தைராய்டு புயல். மருந்தைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், நோய் கட்டுப்படாத நிலையில் கிருமித் தொற்றோ அறுவை சிகிச்சையோ பிரசவமோ நேர்ந்தவர்களுக்கும் வரும். கடும் காய்ச்சல், மிக வேகமான துடிப்பு, வாந்தி, பேதி, பிதற்றல் அல்லது மயக்கம் தெரிந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அரிதுதான், ஆனால் ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது.

கர்ப்பம் உறுதியாகிவிட்டது. மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன், சரிதானே?

உடனே டாக்டரிடம் பேசுங்கள். கார்பிமசோலும் மெதிமசோலும் முதல் சில வாரங்களில் கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம் என்பதால் உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் கட்டுப்படாத மிகைச் சுரப்பும் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்கு இதயச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். முதல் மூன்று மாதங்களுக்குப் புரோபைல்தயோயூராசிலுக்கு மாற்றுவது வழக்கம். நோய் நன்றாக அடங்கியிருந்தால் மருந்தே இல்லாமல் கண்காணிப்பதும் உண்டு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட்டால் இந்தப் பதற்றம் எதுவும் இருக்காது.

கடும் மசக்கையில் டிஎஸ்எச் தற்காலிகமாகக் குறைவது வேறு. கர்ப்ப ஹார்மோன் தைராய்டைச் சற்றுத் தூண்டுவதால் வருவது, பொதுவாக மருந்தில்லாமல் தணியும். பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் வரும் மிகை பல நேரம் முன்பு சொன்ன அழற்சி வகை. அதைத் தொடர்ந்து சில மாதம் குறைச் சுரப்பு வரலாம். தடுப்பு மாத்திரை தேவைப்படும் தாய்மார்கள் மிதமான அளவில் சாப்பிட்டுக்கொண்டே பாலூட்டலாம்.

கிரேவ்ஸ் நோய்க்காகத் தைராய்டையே எடுத்தாகிவிட்டது. இப்போது கர்ப்பம். எதற்கு மறுபடி ஆன்டிபாடி பரிசோதனை கேட்கிறார்கள்?

சுரப்பிதான் போயிற்று. ஆன்டிபாடியை உருவாக்குவது நோய் எதிர்ப்பு அமைப்பு, அது அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் உடலில் தூண்டுவதற்குத் தைராய்டு இல்லை. ஆனால் நஞ்சுக்கொடி வழியாக அந்த ஆன்டிபாடி குழந்தைக்குப் போனால், குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிடும். நீங்கள் லெவோதைராக்சின் சாப்பிட்டு எல்லா அளவுகளும் சரியாக இருக்கும்போதே இது நடக்கக்கூடும். கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆன்டிபாடி அளவு உயர்ந்திருந்தால் கருவின் இதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் ஸ்கேனில் கவனிப்பார்கள், பிறந்ததும் குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். குழந்தைக்கு வந்தாலும் தாயின் ஆன்டிபாடி சில மாதங்களில் தேய்ந்து மறைய, நோயும் மறைந்துவிடும். ஆனால் அந்த மாதங்களில் சிகிச்சை அவசியம். ஆகவே மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும், தைராய்டு எடுக்கப்பட்டது என்பதோடு நிறுத்தாமல், கிரேவ்ஸ் நோய்க்காக எடுக்கப்பட்டது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.